சம்பளமும் மூலதனம்தான்

திருவனந்தபுரம் பழவங்காடி கணபதிக்குத் தேங்காய் உடைப்பதுதான் முக்கிய வழிபாடு. பரீட்சை, நேர்முகத் தேர்வு, விசா, புதுக்கடை என்று எந்தக் காரியத்தைத் தொடங்கினாலும் இங்கே ஒரு தேங்காய் உடைத்துவிட்டுப் போவது ஊர் வழக்கம். பத்மநாபபுரத்தில் திருவிதாங்கூர் நாயர் படையினர் கும்பிட்டு வந்த பிள்ளையார் இவர். தலைநகரம் இடம் மாறியபோது படையோடு சேர்ந்து வந்தார் என்பது கோயில் வரலாறு. சமஸ்தானப் படை இந்திய ராணுவத்தில் கலந்த பிறகு நிர்வாகமும் ராணுவத்திடம் போயிற்று. இன்றுவரை மெட்ராஸ் ரெஜிமெண்டின் பொறுப்பில்தான் கோயில் நடக்கிறது.

கோயிலைவிட்டு வெளியே வந்தால் கிழக்கே கோட்டை. ஒரு பக்கம் கேரள அரசுப் போக்குவரத்துக் கழகத்தின் பேருந்து நிலையம், எதிர்ப்பக்கம் ‘சாலை’ என்ற பெயருடைய கடைத்தெருவின் வாய். நடுவில் நடைபாதையிலும் ஆறடி அகலக் கடைகளிலும் செல்பேசி உறை, குடை, பெல்ட், பழம், பூ, பிளாஸ்டிக் சாமான் என்று எல்லாம் விற்கிறார்கள். விற்பவர்களில் இளைஞர்கள் நிறைய. பகல் இரண்டு மணிக்கு வெயில் ஏறி வியாபாரம் அடங்கும் நேரத்தில் இந்தக் கடைகளைக் கவனித்துப் பார்த்தால், கல்லாப்பெட்டிக்குப் பக்கத்திலோ சரக்கு அட்டைப்பெட்டியின் மேலோ தடிமனான புத்தகம் ஒன்று கண்ணில் படும். கேரள பி.எஸ்.சி. எனப்படும் அரசுப் பணியாளர் தேர்வாணையத்தின் தேர்வுக்கான வழிகாட்டி நூல். அதற்கு இங்கே ‘ராங்க் ஃபைல்’ என்று பெயர். அட்டை கிழிந்து, ஓரங்கள் சுருண்டு, நடுவில் பேனா செருகி இருக்கும். வாடிக்கையாளர் வந்தால் மூடிவைப்பார்கள், போனதும் விரிப்பார்கள்.

கடை நடத்திக்கொண்டே சம்பள வேலை தேடும் இந்த இளைஞர்களைப் பற்றியதுதான் இந்தக் கட்டுரை. அரசின் கணக்கில் இவர்கள் ஒவ்வொருவரும் இரண்டு ஆட்கள். தொழில் துறையின் பட்டியலில் தொழில்முனைவோர், வேலைவாய்ப்பு அலுவலகத்தின் பதிவேட்டில் வேலை தேடுவோர். ஒரு துறை அவர்களைச் சாதனையாக எண்ணுகிறது, இன்னொரு துறை சுமையாக எண்ணுகிறது. கடையை வைத்துக்கொண்டு ஏன் விண்ணப்பம் போடுகிறாய் என்று எந்தத் துறையும் அவர்களிடம் கேட்டுப் புரிந்துகொண்டதாகத் தெரியவில்லை.

முதலில் எண்கள். 2023-24ஆம் ஆண்டின் காலமுறைத் தொழிலாளர் ஆய்வின்படி இந்தியாவில் வேலை செய்பவர்களில் 58.4 சதவீதம் பேர் சுயதொழில் செய்பவர்கள். மாதச் சம்பளக்காரர்கள் 21.7 சதவீதம்தான். 2017-18இல் சுயதொழில் 52.2 சதவீதமாக இருந்தது. ஏழு ஆண்டுகளுக்குள் இத்தனை பேர் ஆசைப்பட்டுத் தொழில் தொடங்கியிருக்க முடியாது. அதே 2023-24 ஆய்வின்படி கேரளத்தில் 15 முதல் 29 வயதுக்குட்பட்டோரிடையே வேலையின்மை 29.9 சதவீதம், நாட்டின் சராசரி 10.2. கேரள இளம்பெண்களை மட்டும் எடுத்தால் 47.1 சதவீதம். இதே மாநிலம்தான் 2022-23ஐத் தொழில்முனைவு ஆண்டாக அறிவித்து, ஒரு லட்சம் புதிய தொழில்கள் என்று இலக்கு வைத்து, 1 லட்சத்து 39 ஆயிரத்துக்கும் மேல் தொடங்கிவிட்டதாகக் கணக்குக் காட்டியது. முன்பே இருந்த பெட்டிக்கடைகளையும் சேர்த்து எண்ணிவிட்டார்கள் என்று எதிர்க்கட்சி குற்றம் சாட்டியது. கடைகள் புதியவையா பழையவையா என்ற அந்தச் சண்டையில், கடைக்குள் உட்கார்ந்திருப்பவர் எதை எதிர்பார்த்து உட்கார்ந்திருக்கிறார் என்ற கேள்வி எழவே இல்லை.

அவர் எதிர்பார்ப்பது என்ன என்பதற்குத் திருவனந்தபுரம் பட்டம் பகுதியிலுள்ள பி.எஸ்.சி. தலைமையகத்தின் எண்ணிக்கைகள் ஓரளவு பதில் சொல்கின்றன. எல்.டி. கிளார்க் எனப்படும் கீழ்நிலை எழுத்தர் பணிக்கு 2017ஆம் ஆண்டுத் தேர்வில் 17 லட்சத்துக்கும் மேற்பட்டோர் விண்ணப்பித்தார்கள். 2024 தேர்வுக்கு அது சுமார் 13 லட்சமாகக் குறைந்தது. ஆசை குறைந்துவிட்டது என்று இதற்குப் பொருள் கொள்ளக்கூடாது என்பது என் எண்ணம். 2023ஆம் ஆண்டுக் கேரளப் புலம்பெயர்வு ஆய்வின்படி வெளிநாட்டில் படிக்கும் கேரள மாணவர்கள் ஐந்தே ஆண்டுகளில் 1.29 லட்சத்திலிருந்து 2.5 லட்சமாக உயர்ந்திருக்கிறார்கள். தேடல் நிற்கவில்லை, திசை மாறியிருக்கிறது. திருவனந்தபுரம் தமிழர்களும் பி.எஸ்.சி. எழுதுவோர் வரிசையில் உண்டு. எழுத்தர் தேர்வைத் தமிழில் எழுதலாம். தமிழும் மலையாளமும் அறிந்தோருக்கென்றே தனியாக எழுத்தர் பதவியும் இருக்கிறது.

சாலை கடைத்தெருவின் வரலாற்றிலேயே கடையும் உத்தியோகமும் பின்னிக் கிடக்கின்றன. பதினெட்டாம் நூற்றாண்டின் இறுதியில் இந்தக் கடைத்தெருவை உருவாக்கியவர் திருவிதாங்கூர் திவான் ராஜா கேசவதாஸ். இன்றைய கன்னியாகுமரி மாவட்டத்தின் விளவங்கோடு பகுதியைச் சேர்ந்தவர். இளம் வயதில் போக்கு மூசா மரைக்காயர் என்ற வணிகரிடம் கணக்கு எழுதிக்கொண்டிருந்தவர், அரண்மனைச் சேவகத்தில் சேர்ந்து படிப்படியாக உயர்ந்து திவானானார் என்பதே அவரைப் பற்றி வழங்கிவரும் வரலாறு. ஆலப்புழைத் துறைமுகத்தை வளர்த்தவரும் அவர்தான். கடையில் கற்ற கணக்கை உத்தியோகத்துக்கு எடுத்துப்போனார். உத்தியோகத்தின் பலத்தில் ஒரு கடைத்தெருவையே கட்டினார்.

அவருக்குப் பின் நூறு ஆண்டுகள் கழித்து, இதே நகரத்தில் சர்க்கார் உத்தியோகம் அரசியலின் மையத்துக்கு வந்தது. திருவிதாங்கூரின் உயர்பதவிகள் வெளியிலிருந்து வந்த தமிழ்ப் பிராமணர்களுக்கே போகின்றன என்று 1891இல் பத்தாயிரத்துக்கும் மேற்பட்டோர் கையெழுத்திட்டு மகாராஜாவிடம் மனு கொடுத்தார்கள். அதுதான் மலையாளி மெமோரியல். 1896இல் டாக்டர் பல்பு முன்னின்று 13,176 கையெழுத்துகளோடு ஈழவ மெமோரியலைக் கொண்டுவந்தார். மருத்துவம் படித்தும் சாதியின் காரணமாகத் திருவிதாங்கூரில் வேலை மறுக்கப்பட்டு மைசூர் அரசுப் பணிக்குப் போனவர் அவர். இந்த மனுக்களில் கையெழுத்திட்டவர்கள் எல்லோரும் பிழைப்பில்லாதவர்கள் அல்ல. நிலமும் தொழிலும் வணிகமும் உள்ளவர்களும் அதில் இருந்தார்கள். அவர்கள் கேட்டது வருமானத்தை மட்டுமல்ல. அரசின் கண்ணில் ஆளாக நிற்பதையும் கேட்டார்கள். இன்று விண்ணப்பம் போடும் கடைக்காரரை வெறும் ‘சர்க்கார் வேலைப் பித்து’ பிடித்தவர் என்று ஒதுக்குகிறவர்கள் இந்த நூற்றுமுப்பது ஆண்டு வரலாற்றை மறந்துவிடுகிறார்கள்.

உத்தியோகத்தின் அந்த மதிப்பு இன்னும் எங்கெல்லாம் செல்லுபடியாகிறது என்பதைக் கல்யாணப் பேச்சில் கேட்கலாம். சாலைத் தமிழர்களிடையே பெண் வீட்டார் கேட்கும் கேள்வி பெரும்பாலும் இப்படித்தான் இருக்கும்.

“பையனுக்கு என்ன ஜோலி?”

“சாலையில கடை வச்சிருக்கான்.”

“கடை கெடக்கட்டும் அண்ணாச்சி. ஜோலி என்ன?”

கடைக்காரர் சம்பளக்காரரைவிட அதிகம் சம்பாதிக்கிறவராகவே இருக்கலாம். ஆனாலும் பெண் வீட்டாரின் கேள்வி மூடத்தனமானதல்ல. கடையின் வருமானம் எந்த நாளில் எதனால் நிற்கும் என்று சொல்ல முடியாது என்பதை அவர்கள் பார்த்திருக்கிறார்கள். பழவங்காடியில் அதற்கு உதாரணம் தேட வேண்டியதில்லை. ஒரு மணி நேரம் பலத்த மழை பெய்தால் தம்பானூரிலும் கிழக்கே கோட்டையிலும் தண்ணீர் தேங்கும். இதைச் சரிசெய்யத்தான் 2015இல் ‘ஆபரேஷன் அனந்தா’ என்ற பெயரில் பேரிடர் மேலாண்மைச் சட்டத்தைப் பயன்படுத்தி வடிகால்களைத் திறந்தார்கள். 2019 மே மாதம் பழவங்காடியில் ஒரு குடைக்கடையில் தீப்பிடித்து அக்கம்பக்கத்துக்கும் பரவியது. பள்ளி திறப்பையும் மழைக்காலத்தையும் எதிர்பார்த்துக் குடையும் பையும் ஏற்றி வைக்கிற மாதம் அது. 2020 ஜூலை 6ஆம் தேதி கொரோனாவால் நகரம் முழுவதும் ‘மும்மடங்கு ஊரடங்கு’ எனப்பட்ட கடும் ஊரடங்கு வந்தது.

அந்தக் கொரோனா ஆண்டில் நடந்த ஒன்றைத் தனியாகச் சொல்ல வேண்டும். கேரள அரசு தன் ஊழியர்களின் சம்பளத்தில் மாதம் ஆறு நாள் வீதம் ஐந்து மாதங்களுக்குப் பிடித்துவைத்தது. ஊழியர்கள் நீதிமன்றம் போனார்கள், அரசு அவசரச் சட்டம் கொண்டுவந்தது, பெரிய விவாதம் நடந்தது. பிடித்த தொகை பின்னர் ஊழியர்களின் கணக்குக்கே திரும்பி வந்தது. அதே மாதங்களில் கடைக்காரருக்கு ஆறு நாள் அல்ல, முழு மாதமும் போயிற்று. அதைத் திருப்பிக் கேட்க ஒரு வாசலும் இல்லை. ஊழியர்கள் தங்கள் பணத்துக்காக வழக்காடியது நியாயம்தான். வழக்காடுவதற்கு எதிரில் ஒருவர் இருக்கிறார் என்பதே சம்பளத்தின் ஒரு பகுதி என்று நான் நினைக்கிறேன். கடைக்காரர் தன்மேல் தானே வழக்குப் போட முடியாது.

இங்கே கடன் விஷயத்துக்கு வருகிறேன். மொத்தக் கதையின் முடிச்சும் இதில்தான் இருக்கிறது.

சிறு கடைக்காரருக்கு அவசரத்துக்குக் கிடைக்கும் பணம் தண்டல். பத்தாயிரம் என்று எழுதிக்கொண்டு கையில் ஒன்பதாயிரம் தருவார்கள். நாளொன்றுக்கு நூறு ரூபாய் வீதம் நூறு நாள் கட்ட வேண்டும். ஆயிரம் ரூபாய்தானே வட்டி என்று தோன்றும். முதல் நாளிலிருந்தே அசல் திரும்பிக்கொண்டிருப்பதால், உண்மையான வட்டி ஆண்டுக்குச் சுமார் 77 சதவீதம். எந்தச் செல்பேசி உறையிலும் எந்தப் பூக்கூடையிலும் இந்த வட்டியைத் தாங்கிப் பெருகும் லாபம் நெடுநாள் நிலைக்காது. ‘பிளேடு’ என்று கேரளத்தில் அழைக்கப்படும் கந்துவட்டிக்காரர்களை ஒடுக்க 2014இல் அரசு ‘ஆபரேஷன் குபேரா’ நடத்த வேண்டிவந்தது.

தெருவோர வியாபாரிகளுக்கு 2020 ஜூனில் வந்த ஸ்வநிதி திட்டம் முதலில் 10,000 ரூபாய், ஒழுங்காகக் கட்டினால் அடுத்து 20,000, பிறகு 50,000 என்று கடன் தந்தது. 2025இல் முதலிரண்டு தவணைகள் 15,000, 25,000 என உயர்ந்தன. நல்ல திட்டம், தண்டல்காரரிடம் போவதைப் பலருக்குத் தவிர்த்திருக்கும். ஆனால் கடையை ஒரு படி உயர்த்த, இரண்டாவது ஆளை வேலைக்கு வைக்க, உள்ளே ஒரு அறை எடுத்துச் சரக்கு இறக்க, இந்தத் தொகை போதாது.

அதற்குக் கேரளத்தில் நடுத்தர மக்களின் வழி சிட்டி, அதாவது சீட்டு. 1969இல் தொடங்கப்பட்ட கே.எஸ்.எஃப்.இ. என்ற அரசு நிறுவனம் மாநிலம் முழுவதும் சீட்டு நடத்துகிறது. மாதம் பத்தாயிரம் ரூபாய் வீதம் ஐம்பது பேர் ஐம்பது மாதம் கட்டினால் சீட்டின் தொகை ஐந்து லட்சம். ஏலத்தில் யார் அதிகம் தள்ளிக் கேட்கிறாரோ அவருக்கு அந்த மாதம் பணம். கடைக்காரருக்கு மிகவும் பொருந்திய ஏற்பாடு இது. பருவம் வரும்போது மொத்தமாக எடுத்துச் சரக்கில் போடலாம். சிக்கல் ஏலத்துக்குப் பிறகு வருகிறது. சீட்டு எடுத்தவர் மீதித் தவணைகளைக் கட்டாமல் போய்விட்டால் என்ன செய்வது என்பதற்காக ஜாமீன் கேட்பார்கள். நிலம், தங்கம், வைப்புநிதி எதையாவது வைக்கலாம். எதுவும் இல்லாதவருக்கு மிச்சமிருப்பது ஆள் ஜாமீன். சம்பளச் சான்றிதழோடு ஒரு அரசு ஊழியர் வந்து கையெழுத்துப் போட வேண்டும்.

தினமும் கல்லாவில் பணம் புரளும் ஒருவர், மாதம் ஒரே ஒருமுறை பணம் பார்க்கும் ஒருவரைத் தேடிப் போய், அவருடைய தாளில் கையெழுத்து வாங்கினால்தான் தன்னுடைய சேமிப்பைக் கையில் பெற முடியும். மச்சினர், பக்கத்து வீட்டு ஆசிரியை, மின்வாரியத்தில் இருக்கும் பழைய வகுப்புத் தோழர் என்று யார் யாரையோ கேட்டுப் பார்ப்பார்கள். முன்பே வேறொருவருக்குக் கையெழுத்துப் போட்டுவிட்டேன் என்பார்கள் அவர்கள். அது உண்மையாகவும் இருக்கும், ஒரு சம்பளம் எத்தனை பேரைத்தான் தாங்கும். சீட்டு ஏலத்தில் விழுந்தும், ஜாமீன் கிடைக்காமல் பணம் அலுவலகத்திலேயே கிடப்பது இந்த ஊரில் சாதாரணம்.

இப்படிப்பட்ட ஊரில் கடைக்காரர் பி.எஸ்.சி. எழுதுவதைத் தொழிலைவிட்டு ஓடுவதாகப் பார்ப்பது தவறு. வீட்டில் ஒருவருக்குச் சம்பளம் வந்துவிட்டால் கடைக்கு ஜாமீன் கிடைக்கிறது. தம்பிக்கு எழுத்தர் வேலை கிடைத்தால் அண்ணன் கடை பெரிதாகும். மனைவிக்கு ஆசிரியர் வேலை கிடைத்தால் கணவன் துணிந்து சரக்கு எடுப்பான். சம்பளம் இங்கே வருமானத்தைவிட மேலாக மூலதனத்தின் வேலையைச் செய்கிறது. தொழில்முனைவு வேண்டுமா, அரசு வேலை வேண்டுமா என்று மேடையில் எதிரெதிராக நிறுத்திப் பேசப்படும் இரண்டும், ஒரே குடும்பத்துக்குள் ஒன்றையொன்று பிடித்துக்கொண்டு நிற்பவை. சாலையின் வாடிக்கையாளர்களை எடுத்துக்கொண்டாலும் அப்படித்தான். 2024 ஓணத்துக்குத் தகுதியுள்ள அரசு ஊழியர்களுக்கு 4,000 ரூபாய் போனஸ், மற்றவர்களுக்கு 2,750 ரூபாய் பண்டிகைப்படி. அந்தப் பணம் கைக்கு வரும் வாரத்தில்தான் துணிக்கடையிலும் பாத்திரக்கடையிலும் நிற்க இடமில்லாமல் போகிறது.

பிற நாடுகளில் நடந்த ஆய்வுகளோடு இதை வைத்துப் பார்ப்பது பயனுள்ளது. ஏழை நாடுகளின் சிறு கடைக்காரர்கள் யார் என்ற கேள்விக்கு நெடுநாளாக இரண்டு பதில்கள் உண்டு. சட்டதிட்டத் தடைகளை விலக்கினால் பெருமுதலாளிகளாக வளரக்கூடியவர்கள் என்றார் பெருவின் ஹெர்னாண்டோ டி சோட்டோ. வேலை கிடைக்காததால் கடை போட்டவர்கள், வேலை கிடைத்தால் போய்விடுவார்கள் என்றார் லத்தீன் அமெரிக்கத் தொழிலாளர் நிலையை ஆராய்ந்த விக்டர் டோக்மான். சுரேஷ் டி மெல், டேவிட் மெக்கென்சி, கிறிஸ்டோபர் உட்ரஃப் ஆகிய மூவரும் இதை இலங்கையில் சோதித்தார்கள். தனியாளாகத் தொழில் செய்பவர்களைச் சம்பளக்காரர்களோடும் ஆள் வைத்துத் தொழில் நடத்துபவர்களோடும் ஒப்பிட்டார்கள். திறன், மனப்பாங்கு, பின்னணி எல்லாவற்றிலும் பத்தில் ஏழு பேர் சம்பளக்காரர்களையே ஒத்திருந்தார்கள்.

இதை மட்டும் படித்துவிட்டு, அப்படியானால் இவர்களுக்கு மூலதனம் கொடுத்துப் பயனில்லை என்று முடிவுகட்டிவிடக்கூடாது. அதே மூவர் 2005இல் களுத்துறை, காலி, மாத்தறை மாவட்டங்களின் சிறு தொழில்களுக்குக் குலுக்கல் முறையில் 10,000 அல்லது 20,000 இலங்கை ரூபாய் கொடுத்துப் பார்த்தபோது, அந்தப் பணம் மாதத்துக்குச் சுமார் 5 சதவீதம் வருமானம் ஈட்டியது. எந்த வங்கி வட்டியையும்விட அதிகம். ஆனால் பெண்கள் நடத்திய தொழில்களில் அந்த வருமானம் பூஜ்யம். காரணம் என்ன என்று பின்னால் வந்த ஆய்வாளர்கள் இந்தியா, கானா, இலங்கைத் தரவுகளை மறுபடி அலசினார்கள். வீட்டில் வேறொரு தொழிலும் இருந்தால், பெண்ணுக்குக் கொடுத்த பணம் கணவனின் தொழிலுக்குள் போய்விடுகிறது என்று தெரிந்தது. பெண்கள் திறமையில் குறைந்ததால் வந்த பூஜ்யம் அல்ல அது. தையல் கடையோ அழகு நிலையமோ நடத்தும் ஒரு பெண் ஏன் விடாமல் பி.எஸ்.சி. எழுதுகிறாள் என்பதற்கு இதைவிடத் தெளிவான விளக்கம் எனக்குத் தெரியாது. கடைப் பணம் வீட்டுக்குள் கரையும். சம்பளம் அவள் பெயரில் உள்ள கணக்குக்கு, அவள் பெயரோடு வரும்.

எத்தியோப்பியாவில் நடந்த ஓர் ஆய்வு வேறொரு பக்கத்தைக் காட்டுகிறது. கிறிஸ்டோபர் பிளாட்மேனும் ஸ்டீஃபன் டெர்கானும் ஐந்து நிறுவனங்களில் வேலைக்கு விண்ணப்பித்த சுமார் ஆயிரம் பேரைக் குலுக்கல் முறையில் பிரித்தார்கள். ஒரு பகுதியினருக்கு அந்த வேலை. இன்னொரு பகுதியினருக்குச் சில நாள் பயிற்சியும் சுமார் 300 டாலர் தொகையும். மற்றவர்களுக்கு எதுவும் இல்லை. வேலை கிடைத்தவர்களில் மூன்றிலொருவர் முதல் மாதத்திலேயே விலகினார்கள். ஓராண்டுக்குள் 77 சதவீதம் பேர் விலகிவிட்டார்கள். வருமானம் உயரவில்லை, உடல்நலக் கேடுதான் கூடியது. பணம் பெற்றவர்களின் வருமானம் 33 சதவீதம் உயர்ந்தது. ஐந்து ஆண்டுகள் கழித்துப் போய்ப் பார்த்தபோது மூன்று பிரிவினரும் ஏறக்குறைய ஒரே நிலையில் இருந்தார்கள்.

இதிலிருந்து எனக்குப் படுவது: சம்பளம் என்று பெயர் இருந்தால் போதும், ஓடி வந்துவிடுவார்கள் என்பது பொய். சாலையின் துணிக்கடையில் பன்னிரண்டு மணி நேரம் நின்று வாங்கும் கூலிக்காக யாரும் தன் கடையை மூடுவதில்லை. அவர்கள் தேடுவது ஒரு குறிப்பிட்ட வகைச் சம்பளம். நோய்வந்தால் நிற்காதது, வங்கி மதிப்பது, ஜாமீனாகச் செல்லுவது. அபிஜித் பானர்ஜியும் எஸ்தர் டுஃப்லோவும் 2011இல் எழுதிய நூலில், உதயப்பூர் பகுதியில் நான்கில் மூன்று பங்குப் பெற்றோர் மகனுக்கு அரசு வேலையையே விரும்பியதைப் பதிவுசெய்கிறார்கள். அந்த அரசு வேலையும் முன்போல் இல்லை. கேரளத்தில் 2013 ஏப்ரல் 1 முதல் அரசுப் பணியில் சேர்ந்தவர்களுக்குப் பழைய ஓய்வூதியம் போய்ப் பங்களிப்பு ஓய்வூதியம் வந்தது. கிழக்கே கோட்டை நிலையத்திலிருந்து பேருந்து ஓட்டும் போக்குவரத்துக் கழக ஊழியர்கள் சம்பளத்துக்காகக் காத்திருந்ததையும், 2023இல் அதைத் தவணையாக வாங்கியதையும் எதிரில் இருக்கும் கடைக்காரர்கள் நேரில் பார்த்தவர்கள். அப்படியும் விண்ணப்பிக்கிறார்கள். தாமதமாக வரும் சம்பளமும் என்றாவது ஒருநாள் வந்துவிடும் என்பது அவர்களின் கணக்கு.

இந்தக் காத்திருப்புக்கு விலை உண்டு, அதைக் குறைத்துச் சொல்வது நேர்மையாகாது. பெரும்பாலான பி.எஸ்.சி. பதவிகளுக்குப் பொதுப்பிரிவினருக்கு வயது வரம்பு 36, பிற்படுத்தப்பட்டோருக்கு 39, பட்டியல் சாதியினருக்கும் பழங்குடியினருக்கும் 41. தேர்வில் வென்று பட்டியலில் பெயர் வந்தாலும் வேலை உறுதியில்லை. பட்டியலுக்கு ஆயுள் வழக்கமாக அதிகபட்சம் மூன்று ஆண்டு. அதற்குள் காலியிடம் அறிவிக்கப்படாவிட்டால் பெயரோடு பட்டியலும் காலாவதி. 2021 பிப்ரவரியில் தலைமைச் செயலகத்துக்கு முன்னால் நாள்கணக்கில் போராடியவர்கள் தேர்வில் தோற்றவர்கள் அல்ல, பட்டியலில் பெயர் வந்தவர்கள்.

கடையின் மேல் இது என்ன செய்கிறது? என்றைக்காவது மூடிவிட்டுப் போக வேண்டியிருக்கும் என்று நினைப்பவர் மூடக்கூடிய அளவிலேயே கடையை வைத்திருப்பார். நீண்ட வாடகை ஒப்பந்தம் போடமாட்டார். ஒரு வாரத்தில் விற்றுத் தீர்க்கக்கூடிய சரக்கையே எடுப்பார். பையன் ஒருவனை வேலைக்கு வைத்துப் பழக்கமாட்டார். வாடிக்கையாளருக்குக் கடன் எழுதமாட்டார், ஆகவே வாடிக்கையாளரும் நிலைக்கமாட்டார். இப்படி இருபத்திரண்டு வயதில் தொடங்கிய கடை முப்பத்தாறு வயதில் அதே ஆறடியில் நிற்கும். தொழில் கற்று வளர வேண்டிய பதினான்கு ஆண்டுகள் போயிருக்கும். தமிழ்நாடு அரசு 2001 முதல் 2006 வரை பெரும்பாலான பணி நியமனங்களை நிறுத்திவைத்த காலத்தை ஆராய்ந்த குணால் மங்கல், வேலை இல்லை என்று தெரிந்தும் பட்டதாரிகள் தேர்வுக்குத் தயாராவதை விடவில்லை, மாறாக அதில் கூடுதல் காலம் செலவிட்டார்கள் என்று காட்டுகிறார். அதனால் அவர்களின் வருமானம் பல ஆண்டுகளுக்குப் பிறகும் தாழ்ந்தே இருந்தது. பழவங்காடிக் கடைக்காரர் படித்துக்கொண்டே சம்பாதிக்கவும் செய்கிறார் என்பதால் அவருடைய இழப்பு சற்றுக் குறைவு. ஆனால் இல்லாமல் இல்லை.

கடையையும் நிலைத்த வாழ்க்கையாக ஆக்கிக்கொண்டவர்கள் இந்தத் தெருவிலேயே இருந்திருக்கிறார்கள். எழுத்தாளர் ஆ. மாதவன் சாலையில் பாத்திரக்கடை நடத்தியபடி, சுமை தூக்குபவர்களையும் சில்லறை வியாபாரிகளையும் தமிழ்ச் சிறுகதைக்குள் கொண்டுவந்தவர். 2015இல் சாகித்ய அகாதமி விருது பெற்றார். அவருடைய சமகாலத்தவரான நீல பத்மநாபன் இதே நகரத்தில் மின்வாரியப் பொறியாளராகச் சம்பளத்தில் இருந்து எழுதியவர். இரண்டு வாழ்க்கையும் இலக்கியத்துக்கு இடம் கொடுத்தன. ஆனால் மாதவன் தலைமுறையில் ஒரு பாத்திரக்கடை தாங்கியதை, இன்றைய வாடகையிலும் இணைய வணிகப் போட்டியிலும் ஒரு செல்பேசி உறைக்கடை தாங்குமா என்பது வேறு கேள்வி.

அரசு என்ன செய்யலாம்? இளைஞர்களின் மனநிலையை மாற்ற வேண்டும் என்ற பேச்சை முதலில் விட வேண்டும். அவர்களின் கணக்கு சரியாகவே இருக்கிறது; மாற வேண்டியது கணக்கின் உறுப்புகள். கே.எஸ்.எஃப்.இ. அரசின் சொந்த நிறுவனம். ஐந்து ஆண்டுகள் தவறாமல் சீட்டுக் கட்டிய கடைக்காரரின் அந்தப் பதிவையே, குறிப்பிட்ட தொகை வரையில், சம்பளச் சான்றிதழுக்கு இணையான ஜாமீனாக ஏற்கலாம். கடைக்காரர்களின் தினசரி வரவு இன்று பெரும்பாலும் யு.பி.ஐ. வழியாக வங்கிக்குத் தெரிந்தபடிதான் போகிறது. வருமானத்துக்குச் சான்று இல்லை என்ற பழைய வாதம் நிற்காது. ஓய்வூதியத்தை எடுத்துக்கொண்டால், சிறு வணிகர்களுக்காக 2019 செப்டம்பரில் தொடங்கிய மத்திய அரசின் திட்டம் அறுபது வயதில் மாதம் 3,000 ரூபாய் தரும் என்றது. சேர்ந்தவர்கள் நாடு முழுவதற்கும் சில பத்தாயிரம் பேர்தான். முப்பது ஆண்டு கழித்துக் கிடைக்கப்போகும் 3,000 ரூபாய்க்காக யார் வருவார்கள்? கேரளத்தின் சமூகநல ஓய்வூதியமே 2025 நவம்பர் முதல் 2,000 ரூபாய். கடைக்காரருக்கு இன்று தேவைப்படுவது காய்ச்சலில் பத்து நாள் படுத்தால் வரும் இழப்பீடு, தீப்பிடித்தால் சரக்குக்குக் காப்பீடு, பிரசவ காலத்தில் கடை மூடும் பெண்ணுக்கு மூன்று மாதத் தொகை. வணிகர் நலநிதி வாரியம் கேரளத்தில் ஏற்கெனவே இருக்கிறது. புதிதாக ஒன்றைத் தொடங்க வேண்டியதில்லை, இதை அந்த அளவுக்கு வளர்க்க வேண்டும். பி.எஸ்.சி. தன் பங்குக்குக் காலியிடங்களின் எண்ணிக்கையை விண்ணப்பத்துக்கு முன்பே நேர்மையாகச் சொன்னால், இன்னும் எத்தனை ஆண்டு காத்திருப்பது என்று ஒருவர் முடிவெடுக்க முடியும்.

எண்ணுகிறவர்களுக்கும் ஒன்று சொல்ல வேண்டும். தொழிலாளர் ஆய்வில், முந்தைய ஏழு நாட்களில் ஒரு மணி நேரம் வேலை செய்தவரும் வாராந்திரக் கணக்கில் வேலையில் இருப்பவரே. எனவே ராங்க் ஃபைலோடு உட்கார்ந்திருக்கும் கடைக்காரர் வேலையின்மைக் கணக்கில் வரவே மாட்டார். பழைய தேசிய மாதிரி ஆய்வுகளில், வேலையில் இருப்பவர்களிடம் மாற்று வேலை தேடினீர்களா, ஏன் தேடினீர்கள் என்ற கேள்விகள் இருந்தன. 2025 முதல் மாதந்தோறும் முடிவுகள் வரும் இன்றைய ஆய்விலும் அவற்றைக் கேட்கலாம். கேரளத்தின் திட்டக் குழுவோ பொருளியல் புள்ளியியல் துறையோ தொழில்முனைவு ஆண்டில் பதிவான கடைகளிலிருந்து சில ஆயிரத்தை எடுத்து, உரிமையாளரிடம் மூன்றே கேள்விகள் கேட்கலாம்: கடந்த ஓராண்டில் எத்தனை வேலைகளுக்கு விண்ணப்பித்தீர்கள், எவ்வளவு சம்பளம் கிடைத்தால் கடையை மூடுவீர்கள், கடையை மூடாமலிருக்க எது கிடைத்தால் போதும். மூன்றாவது கேள்விக்கான பதில்களைக் கே.எஸ்.எஃப்.இ.க்கும் வணிகர் நலநிதி வாரியத்துக்கும் அனுப்பிவைக்க வேண்டும்.